சோறில்லாத ஐந்து மாதம்

இலங்கையிலிருந்து வந்த கப்பலை விட்டு இறங்கிய பிறகு, உங்கள் அம்மாவையும் உங்கள் இருவரையும் திருச்சிப் பக்கம் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் மலை ஏறினேன். கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்துக்கு வீடு வேண்டுமென்றால் பெர்மனன்ட் ஆக வேண்டும். பெர்மனன்ட் ஆக டாக்டர் உடம்பைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில், கடைசிக் காம்பரா என்ற ஒற்றை அறையில் நான் தனியாள்.

கண் சரி, நெஞ்சு சரி. இரத்தத்தில்தான் சீனி கூடுதலாக இருந்தது.

"இன்னும் வியாதின்னு சொல்ல முடியாதுங்க. ஆனா அதுக்குப் பக்கத்துல வந்துட்டீங்க" என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர். "சோறு, சக்கரை, கெழங்கெல்லாம் நிறுத்துங்க. காய், கீரை, முட்டை சாப்பிடுங்க. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, பார்க்கலாம்."

"கையெழுத்துங்க ஐயா?"

"அதையும் அப்பப் பார்க்கலாம்."

அன்றைக்கே சோற்றை விட்டேன். சோற்றுக்குப் பதில் இலங்கையில் நம் தோட்டத்தில் சாப்பிட்ட மாதிரி வெள்ளை மாவு பிசைந்து, தேங்காய் துருவிப் போட்டு, காலையில் இரண்டு, இரவில் மூன்று என்று ரொட்டி சுட்டுத் தின்றேன். கீரையும் தின்றேன். இரண்டு மாதம் ஒரு பருக்கை தொடவில்லை. திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். சீனி முன்னைவிடக் கூடியிருந்தது.

கம்பவுண்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"ஏனுங்க, டீக்குச் சக்கரை போடறீங்களா?"

"இல்லீங்க."

"கள்ளத்தனமா சோறு?"

"சத்தியமா இல்லீங்க."

மறுநாள் காலை அவர் எங்கள் மலைக்கு வேறு ஒருவரைப் பார்க்க வந்தார். வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் கடல் தாண்டி வந்த அக்கரைக்காரர்கள் நாங்கள் நாலைந்து பேர் பாலில்லாத சாயத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி. ஒரு நக்கு, ஒரு மடக்கு. அவர் என் கையையே பார்த்தார்.

"அது என்னங்க கையில?"

"சீனிங்க."

"டீக்குப் போடறதில்லைன்னீங்க?"

"டீயில ஒண்ணும் போடலீங்களே. வேணும்னா குடிச்சுப் பாருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பிள்ளைகளே, நான் ஏய்க்கப் பார்க்கவில்லை. சிறு வயதிலிருந்து தேத்தண்ணி ஒன்று, கையிலிருக்கும் சீனி ஒன்று என்றே பழகியவன். ஒரு நாளைக்கு ஆறு தரம் அப்படிக் குடிப்பேன். ரொட்டியைப் பற்றியும் சொன்னேன்.

"அரிசியை விட்டுட்டு மாவைத் தின்னா என்னங்க பிரயோசனம்? ரெண்டும் உள்ளே போயிச் சக்கரைதானுங்க ஆகுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கையெழுத்துக்கு இன்னும் மூணு மாசம் ஆகுமுங்க" என்றார்.

உங்கள் அம்மாவுக்குக் காகிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று மாதம் என்று எழுதக் கை வரவில்லை. வீடு இன்னும் காலியாகவில்லை என்று எழுதினேன். அது பொய்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பத்தியம். பக்கத்துப் படகர் தோட்டத்தில் முட்டைக்கோசு வெட்டும்போது வெளி இலையை உரித்துப் போடுவார்கள். கேட்டால் கொடுப்பார்கள். காலையில் கோசும் முட்டையும், மத்தியானம் பீன்ஸும் நூல்கோலும், இரவில் கீரையும் கருவாடும். தட்டு நிறையத்தான் இருக்கும். மென்று மென்று தாடை வலிக்கும். ஆனாலும் சாப்பிட்ட மாதிரி இருக்காது.

பசியைக்கூடப் பழகிவிடலாம். மத்தியானச் சாப்பாட்டு நேரந்தான் பழகவில்லை. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் தூக்குச் சட்டியிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிடுவார்கள். எனக்கும் ஒரு பிடி சோறு வைப்பார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். சீனிக்காரன் என்று பேர் வந்து மேஸ்திரி காதுக்கு எட்டினால், நோயாளிக்கு எதற்குப் பெர்மனன்ட் என்றுவிடுவார்களோ என்று பயந்தேன். அதனால் வாய் திறக்கவில்லை.

பொங்கலன்று அடுத்த காம்பராத் தங்கச்சி, அதுவும் நம்மைப் போல் கப்பலில் வந்த பிள்ளை, இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்தது.

"வேணாம்மா. வயிறு சரியில்ல."

"தீவாளிக்கும் வயிறு சரியில்லன்னுதானே சொன்னீங்கண்ணே?"

நீட்டிய இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"எங்கூட்டுச் சோறு உங்களுக்கு எறங்காதுன்னா நேராச் சொல்லிருங்க. நாங்க என்ன சாதின்னு கேக்கணுமா? கேளுங்கண்ணே, சொல்றேன்."

அப்படி இல்லை என்று சொல்வதற்குள் இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த லயத்தில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டவர் இல்லை. மத்தியானத்தில் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விடுவேன். பார்ப்பதற்கு ஆளில்லை என்பதால் சீக்கிரம் தின்றுவிடுவேன்.

மூன்று மாதம் முடிந்து இரத்தம் பார்த்தார்கள். டாக்டர் சீட்டை இரண்டு தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "இதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. சாப்பாடு இப்படியேதான் இருக்கோணும்" என்றார். சரியென்று வெளியே வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாருக்கும் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லையே, இப்போது எங்கிருந்து ஆரம்பிப்பது? நேராகத் தபால் பெட்டிக்குப் போய், புறப்பட்டு வரச் சொல்லி அம்மாவுக்குக் கார்டு போட்டேன்.

மேட்டுப்பாளையத்தில் நீங்கள் இறங்கினபோது நான் உங்கள் எதிரிலேயே நின்றேன். அம்மா என்னைத் தாண்டி வேறு பக்கம் தேடினாள். கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

"என்னாங்க இது, பாதி ஆளாப் போயிட்டீங்க" என்றாள். அழவில்லை; என் சட்டையின் தோள்பட்டையை மட்டும் இழுத்துச் சரி செய்தாள்.

பெரியவன் யோசித்து யோசித்து என்னிடம் வந்தான். சின்னவளே, நீ வரவில்லை. அம்மா சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இது அப்பா இல்ல" என்றாய். கோத்தகிரி பஸ்ஸில் உனக்காக என் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தேன். நீ அம்மா மடியை விட்டு வரவில்லை. ஏறும்போது உன் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. மலை ஏறி முடியும் வரைக்கும் அதை நான் கையில் வைத்துக்கொண்டு வந்தேன்.