முழு மருந்து

மொன்றியல் டவுன்டவுனில் நான் வேலை செய்த உணவகத்தின் சமையல்காரர் அவர். மன்னார்ப் பக்கத்தவர். நரைத்த மீசை, குறைந்த பேச்சு. திங்கட்கிழமைகளில் மட்டும் தேநீர்க் கோப்பையை இடது கையால் தூக்குவார். வலது கை வீங்கியிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறன்று காரணத்தைக் கண்டேன். நகருக்கு வெளியே, கௌபாய் உடையில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்கு என்னையும் கூட்டிப்போனார். அகலத் தொப்பி அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. கிட்ட நிற்கும் இரும்புத் தகடுகளை விரைவாகச் சுட்டு முடிப்பவருக்கே வெற்றி. அதனால் மற்றவர்கள் விதி அனுமதிக்கும் மட்டுக்கும் தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்திருந்தார்கள். துப்பாக்கி அதிகம் உதைக்காது. கை உடனே அடுத்த தகட்டுக்குத் திரும்பும். தன் தோட்டாக்களைத் தானே நிரப்பும் இவரோ முழு மருந்து போட்டிருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் அவர் கை மேலே எகிறியது. கடைசியாக வந்தார்.

திரும்பும்போது மழை. காரில் கேட்டேன்: "நீங்களும் மருந்தைக் குறைக்கலாம்தானே அண்ணை?"

"குறைச்சால் கை நோகாதெல்லே."

"அது நல்லதுதானே?"

வீதியைப் பார்த்தபடியே சொன்னார்: "கை நோகாமல் சனத்துக்கு வெடி வைச்ச ஆக்களை ஊரிலை கண்டனான் தம்பி."

பிறகு ஏன் துப்பாக்கியைத் தொடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த ஆக்களில் அவரும் ஒருவரா என்று கேட்க வாய் வரவுமில்லை. மறுநாள் அவர் இடது கையால் தேநீரை எடுத்தார். நான் குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.