"இல்லை" என்று நான் குறித்த கேள்வி

அறுபதுகளின் கடைசியில், ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த சில குடும்பங்கள் எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் குடியேறின. அவர்கள் மனம் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று அளக்க, பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர் படிவங்களோடு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. டைப்ரைட்டிங் முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை, கேள்வி கேட்டு எழுத வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆமாம், இல்லை என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆமாம் அதிகமிருந்தால் ஆஸ்பத்திரி, பிறகு தரைமேல் லேசான வேலைக்குச் சிபாரிசு. குறைவென்றால் சுரங்கத்தில் இறங்கத் தகுதி.

வந்தவர்களில், ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் ஒருவர். பட்டாளத்தார் கதவை உடைத்துக் கடையைப் பிடுங்கிய நாளிலிருந்து பேச்சு குறைந்துவிட்டதாம். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, மனைவிதான் பதில் சொன்னார்.

"சத்தம் கேட்டா திடுக்கிடுறாராக்கா?"

"ஆமா தாயி. ஏர்பிளாஸ்ட் வந்தா எந்திரிச்சுத் தெருவுக்கு ஓடிர்றாரு. ஒடம்பே நடுங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே வீடே ஆடும். அதைத்தான் ஏர்பிளாஸ்ட் என்போம். சுரங்க ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைனில் ஓடாதவர் யார்? ஷிப்டுக்குப் போன ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று சுரங்க வாயான ஷாப்ட் வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு, வந்து பாதியில் விட்ட தோசையை வார்ப்போம்.

"இன்னாக்கா நீங்க! அது இங்க எல்லாருக்கும் கீறதுதான்."

இல்லை என்று குறித்தேன். தூக்கம் கெடுகிறதா? அதுவும் எல்லாருக்கும் உள்ளதுதான். இல்லை.

தகுதி என்று வந்தது. முதல் நாள், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜின் இரும்புக் கதவைப் படாரென்று சாத்தியதும், கம்பியைப் பிடித்தவர் விடவேயில்லை. மேலே கொண்டுவந்து, நாலு பேர் விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு மனைவியையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து, என் இல்லைகளை அடித்துத் திருத்தி, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன்.

"தப்பு என்னுதுதான்க்கா. நல்லா நாலு வார்த்த கேட்டுடுங்க."

அவர் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சொரங்கத்துக்குப் போவ மாட்டேன்னு அழுதாரு தாயி. இங்க எல்லாருக்கும் இருக்குறதுதானாம், அந்தப் புள்ளயே சிரிக்குது, ஒங்களுக்கு வெக்கமா இல்லையான்னு கேட்டு, நாந்தான் சோறு கட்டிக் குடுத்து அனுப்பிவச்சேன்."