நீல டேப்பும் ஐந்து ஜெபமாலையும்

வரதராஜன்பேட்டையில் விண்ணரசியின் பட்டறைக்குப் போய், அவள் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஏதாவது கேட்டால் பதில் வராது. உதடு மட்டும் அசையும். பழகியவர்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காத்திருப்பார்கள். அவளுக்கு ஒரு சுற்றுக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’. ஜெபமாலையில் அந்த ஜெபத்துக்கு ஐம்பத்து மூன்று மணிகள். கம்பியைப் பிடித்திருக்கும் இடது கையிலேயே மணியும் நகரும். ஐம்பத்து மூன்று சுற்று வேண்டிய காயிலுக்கு ஒரு மாலை. அறுபத்தொன்று என்றால் ஒரு மாலையும் மேலே எட்டு மணியும். இந்தக் கணக்கு இதுவரை ஒரு சுற்றுகூடப் பிசகியதில்லை.

ஜெயங்கொண்டத்தில் அவளுக்குச் செம்புக் கம்பி விற்கும் ஹபிபுல்லா பாய் ஒரு முறை தன் வீட்டு மோட்டாரையே கொண்டுவந்து கொடுத்தார். “அக்கா, துவாவெல்லாம் நான் கேட்டுக்குறேன். நீங்க எண்ணிக்கைய மட்டும் உட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மோட்டார் இன்றும் ஓடுகிறது.

அவளுக்கு இந்த வேலையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், முந்திரிக் கொல்லையில் இருந்த அவர்கள் மோட்டார் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை எரிந்தது. காயில் கட்டுகிறவர் இருபது நாள் கழித்து வரச் சொன்னார். கொல்லை காய்ந்துகொண்டிருந்தது. விண்ணரசி எரிந்த காயிலைப் பிரித்து, ஒவ்வொரு சுற்றையும் எண்ணி, மகளின் பழைய நோட்டில் படம் போட்டு வைத்துக்கொண்டு தானே கட்டினாள். முதல் தடவை புகை வந்தது. இரண்டாம் தடவை புகை வரவில்லை, மோட்டாரும் ஓடவில்லை. மூன்றாம் தடவை ஓடியது. வீட்டுக்காரர் அன்றைக்கே ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார். அந்த நோட்டு இப்போது ஒன்பதாகிவிட்டது.

பிறகு ஒரு புயல் வந்தது. ஓர் இரவில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தன. சுற்றுவட்டாரத்தில் பதினான்கு ஊர்களில் கரண்டு இல்லை. மின்வாரியத்து ஆட்கள் வெளி மாவட்டங்களிலிருந்தும் லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். ஆனால் விழுந்த கம்பங்களைப் பார்த்தால் அவர்களும் போதாது. பங்குச் சாமியார் பூசையில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: “குழி தோண்டத் தெரிஞ்சவங்க கடப்பாரையோட வாங்க. சமைக்கத் தெரிஞ்சவங்க கரண்டியோட வாங்க.” மறுநாள் கோயில் வளாகத்தில் எண்பது பேர் நின்றார்கள்.

அவர்களுக்குத் தலைவர் தர்மராஜ். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, கடப்பாரை பிடித்தவர்களை ஒரு பக்கமும் கரண்டி பிடித்தவர்களை ஒரு பக்கமும் பிரித்தார். விண்ணரசியைப் பார்க்காமலேயே கரண்டிப் பக்கம் கையைக் காட்டினார். அவளும் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். நான்கு நாள் உரித்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் வேம்பங்குறிச்சியிலிருந்து தங்கசாமி வந்தார். அந்த ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர்.

“சாமி, நீங்க அனுப்புற சோறு வருது, குறையில்ல. தண்ணிதான் இல்ல. டேங்க் காஞ்சு மூணு நாளாச்சு. முந்நூறு வூடு. லாரித் தண்ணி ஒரு லோடு வந்துச்சு, அரை மணி நேரத்துல தீந்துபோச்சு.”

தர்மராஜ் தலையை ஆட்டினார். “உங்க லைன்ல மட்டும் இருபத்தெட்டு போஸ்ட் சாஞ்சிருக்குப்பா. இன்னும் நாலு நாள் ஆவும்.”

வெங்காயக் கூடைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “சாமி, நம்ம மாதா தேருக்கு ஓடுற ஜெனரேட்டர் சும்மாத்தானே நிக்குது?”

“ஏம்மா விண்ணரசி, அது சீரியல் லைட்டு எரியிற ஜெனரேட்டர்” என்றார் தர்மராஜ். “போர்வெல் மோட்டார இழுக்குமா? கெளப்பும்போதே மூச்சு வாங்கிடும்.”

“இழுக்கும்ணே. அந்த ஊரு மோட்டாரு ஏழரை ஹெச்.பி., போன வருஷம் நான் கட்டுன காயில். கெளம்பும்போது எவ்ளோ கேக்கும்னு நோட்டுல இருக்கு. வேற ஒரு பல்புகூட எரியக் கூடாது, அவ்வளவுதான்.”

சாமியார் தாடையைத் தடவினார். “திருவிழாக் கொடியேத்தத்துக்கு ஒம்பது நாள்தான் இருக்கு. ஜெனரேட்டர் போச்சுன்னா பங்குப் பேரவை தேருக்குப் பதிலா என்னை இழுத்துக்கிட்டுப் போவாங்க.”

“ஜெனரேட்டர் போச்சுன்னா நானே கட்டித் தரேன் சாமி. மோட்டார் போச்சுன்னா அதையும் கட்டுவேன். ஆனா மோட்டார் போனா, அவங்களுக்குக் கரண்டு வந்தாலும் தண்ணி வராது. அதெல்லாம் யோசிச்சுட்டுத்தான் கேக்குறேன்.”

சாமியார் ஜெனரேட்டர் சாவியை எடுத்து நீட்டினார். “சரி, போங்க. அண்ணனும் கூடப் போகட்டும்.”

“போறேன். வேடிக்கை பாக்கவாவது ஒருத்தர் வேணும்ல” என்றார் தர்மராஜ்.

வேம்பங்குறிச்சித் தொட்டியடியில் குடங்கள் ஆட்களைவிட அதிகமாக இருந்தன. முன்வரிசையில் அம்பிகா என்ற பெண் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்றாள். “மூணு நாளா இந்தக் குடந்தான் எங்க வூட்டுக்காரரு மாதிரி. எங்க போனாலும் கூடவே வருது, ஒரு பிரயோசனமும் இல்ல” என்றாள். பின்னால் நின்ற அவள் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

விண்ணரசி முதலில் மெயினை இறக்கினாள். மூன்று ஃபியூஸ் கேரியர்களையும் பிடுங்கித் துணியில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். “லைன்ல ஆளுங்க வேலை செய்யுறாங்க. நம்ம ஜெனரேட்டர் கரண்டு அங்க ஏறிடக் கூடாது. இது எங்கிட்டயே இருக்கட்டும்.” தர்மராஜ் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். கேபிளை மட்டும் தன் கையாலேயே மாட்டினார். அது ஃபோர்மேன் வேலை.

ஜெனரேட்டர் கிளம்பியது. ஸ்டார்ட்டரை அழுத்தியதும் எஞ்சின் ஒரு முறை முக்கித் தணிந்தது. விண்ணரசியின் கை அணைக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது. பிறகு எஞ்சின் தன்னைச் சுதாரித்துக்கொண்டு சீராக உறுமியது. கூட்டம் கைதட்டியது. எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள்.

குழாய் புஸ்ஸென்றது. நூல் மாதிரி கொஞ்சம் தண்ணீர் வடிந்தது. அவ்வளவுதான்.

“ஏக்கா, வெறும் காத்துதான் வருது” என்றாள் அம்பிகா. “அதுக்குப் புயலே போதுமே.”

“எரிஞ்சுபோச்சு” என்றார் தங்கசாமி. முகம் வெளுத்துவிட்டது. “போச்சு, இருந்த மோட்டாரும் போச்சு.”

தர்மராஜ் விசிலைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். விண்ணரசி ஆம்பியர் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் பன்னிரண்டைத் தொட்டிருக்க வேண்டும், எட்டிலேயே நின்றது. அவள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள்.

“எரிஞ்சிருந்தா முள்ளு ஏறும். இது எறங்கி நிக்குது. மோட்டார் நல்லாத்தான் சுத்துது. ஆனா தலைகீழா சுத்துது.”

மூன்று ஒயரில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அடியிலிருக்கும் தண்ணீர் மேலே வராது. அதற்காகத்தான் ஒயர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நிறம். தர்மராஜுக்கு இது பாலபாடம். முப்பத்தொரு வருஷத்து ஃபோர்மேன் ஒயரை மாற்றி மாட்டிவிட்டார் என்ற முணுமுணுப்பு கூட்டத்தில் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் காது சிவந்தது. “நான் கெடந்த வரிசையிலதானே மாட்டுனேன்…”

விண்ணரசி கேபிளின் நுனியைக் கையில் எடுத்தாள். மூன்று ஒயரும் நீலம். அது அவள் சுற்றிய டேப்.

போன வருஷத் திருவிழாவுக்கு முதல் நாள், மரியாயின் சேனை என்ற பக்திச் சபையின் பெண்கள் தேரை ஜோடித்துக்கொண்டிருந்தார்கள். மாதா தேருக்குப் பக்கத்தில் இந்தக் கேபிள் அழுக்காகக் கிடப்பது விண்ணரசிக்குப் பொறுக்கவில்லை. மாதாவுக்கு உகந்த நீல நிறத்தில் டேப் வாங்கிவந்து, நுனி முதல் நுனி வரை, பிரிந்து நிற்கும் மூன்று ஒயர்களையும் விடாமல், ஒரு சுருக்கம் இல்லாமல், இரண்டு அடுக்காகச் சுற்றினாள். சீரியல் பல்புக்கு எந்த ஒயர் எங்கே போனாலும் கவலையில்லை. தேர் ஜகஜோதியாகப் போனது. எல்லோரும் பாராட்டினார்கள்.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி தர்மராஜோடு போயிருக்கும்.

“அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “கலரு தெரியாம டேப்பு சுத்துனவ நான்தான். மாதாவுக்கு அழகு பண்ணுறேன்னு மோட்டாரத் திருப்பி உட்டுட்டேன்.”

தர்மராஜ் சிரிக்க ஆரம்பித்தார். விசில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “காயில்ல ஒரு சுத்து தப்பினா பிரிச்சுப் போடுற ஆளு! ஒயர்ல மூணு கலரையும் மூடிட்டியேம்மா!” கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து நின்றார். “வா, நீயே மாட்டு.”

அவள் டேப்பை உரித்தாள். உள்ளே சிவப்பும் மஞ்சளும் பத்திரமாக இருந்தன. இரண்டு ஒயர்களை இடம் மாற்றி, திருகாணியை இறுக்கி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

இந்த முறை ஸ்டார்ட்டரை அழுத்தியதும் முள் பன்னிரண்டுக்குப் போய் நின்றது. குழாய்க்குள் ஏதோ ஏறி வருகிற சத்தம். முதலில் செம்மண் நிறத்தில் குபுக்கென்று பாய்ந்து, பிறகு வெளுத்து, தெளிந்தது. அம்பிகா குடத்தை நீட்டினாள்.

“ஒண்ணே ஒண்ணுதான், மத்தது டேங்குக்கு” என்று தங்கசாமி வால்வைத் திருப்பினார்.

விண்ணரசி மீட்டருக்கு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஜெபமாலையை எடுத்தாள்.

“தொட்டி ரொம்புறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?” என்று கேட்டார் தர்மராஜ்.

பதில் வரவில்லை. உதடு அசைந்தது. அவர் ஒரு செங்கல்லை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார். பத்தாவது மணி முடிந்ததும் அவள், “அஞ்சு ஜெபமாலை” என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தாவது மாலையில் நான்கைந்து மணிகள் மிச்சமிருக்கும்போது, தொட்டியின் ஏணியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தங்கசாமியின் தலையில் தண்ணீர் கொட்டியது. அவர் இறங்கவில்லை. “வழியுது! வழியுது!” என்று அங்கேயே நனைந்துகொண்டு கத்தினார். கீழே குடங்கள் ஓடின. விண்ணரசி மிச்ச மணிகளையும் முடித்துவிட்டுத்தான் மோட்டாரை நிறுத்தினாள்.

ஜெனரேட்டரில் கைவைத்துப் பார்த்தார் தர்மராஜ். சாதாரணச் சூடுதான். கேபிளைச் சுருட்டிக்கொண்டே, “அடுத்த ஊருக்கு எப்ப கெளம்பலாம்?” என்று கேட்டார்.

“வெங்காயம் பாதியில கெடக்குண்ணே.”

“அத எவனாவது கடப்பாரைக்காரன் உரிக்கட்டும்” என்றார் அவர். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, மெயின் ஸ்விட்சைக் கவனிக்கிற ஆளிடம்தான் இது இருக்க வேண்டும் என்று அவள் கையில் கொடுத்தார்.

அந்த ஜெனரேட்டர் இன்னும் நான்கு ஊர்த் தொட்டிகளை நிரப்பிவிட்டு, கொடியேற்றத்துக்கு முதல் நாள் மாலை கோயிலுக்குத் திரும்பியது. கேபிளின் நடுவில் நீலம் அப்படியே இருக்க, இரண்டு நுனியிலும் ஒயருக்கு ஒன்றாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வளையங்கள் இருந்தன. தேருக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் பார்வைக்கு உறுத்தலாக இருக்கிறது என்று சேனைப் பெண்கள் சொன்னார்கள்.

“இருந்துட்டுப் போவட்டும்” என்றாள் விண்ணரசி. “மாதாவுக்குத் தெரியும்.”