ஒழுகாத கூரை

அரசுக் கட்டடங்களைச் சோதித்து மதிப்பெண் போடுவதுதான் என் சித்தப்பாவின் வேலை. எதைப் பழுதுபார்க்கலாம், எதை இடிக்கலாம் என்று எழுதிக் கொடுப்பார். மழை வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும். அவர் குடையோடு வெளியே கிளம்புவார்.

"வெயில்ல எல்லாக் கட்டடமும் நல்ல பிள்ளைதான். மழையிலதான் குட்டு வெளிப்படும்" என்பார்.

கல்யாண வீட்டில்கூட மணமக்களை விட்டுவிட்டுக் கூரையைத்தான் பார்ப்பார். எங்களுக்கு மானம் போகும்.

அப்படி ஒரு மழையில் பழைய நூலகத்தைச் சோதிக்கப் போனபோதுதான் சித்தியைப் பார்த்தார். எல்லா இடமும் ஒழுக, ஒரே ஒரு பெஞ்சு மட்டும் நனையாமல் இருந்தது. அதில் சித்தி படித்துக்கொண்டிருந்தார். ஓரமாக உட்கார இடம் கேட்ட மனிதர் அதன்பிறகு இன்றுவரை சித்தி பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

பல வருஷம் கழித்து, அந்த நூலகத்தை இடிக்கச் சொல்லி எழுதியதும் அவரேதான்.

"நன்றி கெட்ட மனுஷன்!" என்று சித்தி ஒரு வாரம் பாத்திரங்களை உருட்டினார்.

"புத்தகமெல்லாம் நனையுதேம்மா, நான் என்ன பண்ண?" என்றார் சித்தப்பா. அந்த வாரம் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

புது நூலகத்தில் ஒரு சொட்டு ஒழுகாது. ஆளுக்கொரு தனி நாற்காலி. மதிப்பெண் போடுவதில் மகா கஞ்சரான சித்தப்பாவே அதற்கு முழுசாகப் போட்டுவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். போன மாதம் நானும் அவர்களோடு அங்கே போயிருந்தேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. சித்தி தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் ஒட்டிப் போட்டார்.

சித்தப்பா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "இங்கதான் ஒழுகலையே?"

"ஒழுகலைன்னா என்ன? மழை பெய்யுதில்ல?" என்றார் சித்தி.