வையம்பட்டிக் கிணற்றுக் கல்

"கல்லைக் கறுப்பாக்கிட்டியேம்மா!" என்று முதலாளி காதர் பாய் கத்தினார். தப்பு என்னுடையதுதான்.

அரியமங்கலம் பட்டறையில் பதினெட்டு வருஷமாக நான் பட்டை தீட்டியது வெள்ளைக் கல், அதாவது செயற்கை வைரம். அதற்கு அடிப்பக்கம் ஆழமாக இருந்தால்தான் மின்னும். கண்ணை மூடிக்கொண்டு அந்த அளவைக் கொண்டுவருவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

கல் வையம்பட்டி மருதை அண்ணனுடையது. அவரும் மனைவி தங்கமும் கிணறு வெட்டியபோது பாறைத் துண்டில் சிவப்பாக அகப்பட்ட ஒரே கல். பாறையைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டியது தங்கம். அவருக்கு மோதிரம் போட்டுப் பார்க்க அண்ணனுக்கு ஆசை.

"மாணிக்கம்தானேங்க?" என்றார், கல்லைக் கொண்டுவந்த அன்றைக்கு.

கல்லைத் தெர்மாகோல் துண்டில் வைத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கவிட்டேன். பலமான காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் மெல்ல நகர்ந்து வந்தது.

"மாணிக்கம் இப்படி வராதுண்ணே. இது கார்னெட். உள்ளுக்குள்ள இரும்பு இருக்கு, இந்தச் சிவப்பே அதாலதான். பூமிக்கு ரொம்ப அடியில, சூட்டுலயும் அழுத்தத்துலயும் பாறை மாறுறப்ப உண்டாகுறது."

அவர் முகம் தொங்கிப்போனது. "அப்ப மட்டக் கல்லா?"

"யாரு சொன்னா? வெச்சிட்டுப் போங்க, ஜம்முனு பண்ணித் தரேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

சொன்ன கையோடு வெள்ளைக் கல் அளவிலேயே ஆழமாகத் தீட்டினேன். கார்னெட்டுக்கு இயல்பிலேயே அடர்ந்த நிறம். கனமாக இருந்தால் உள்ளே போன வெளிச்சம் திரும்பாது. கழுவிப் பார்த்தால் புளியங்கொட்டை!

பட்டறை டப்பாவில் வேறு கார்னெட் கிடந்தது. மாற்றிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? ஒரு நிமிஷம் மனசு அங்கே போனது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் போனை எடுத்தேன். தங்கம்தான் பேசினார். நடந்ததையும், திருத்தப் போனால் கல் உடையலாம் என்பதையும், வேண்டுமானால் வேறு கல் தருவதாகவும் சொன்னேன்.

"வேற கல்லு வேணாம்க்கா. எங்க கிணத்துக் கல்லுதான் வேணும். உடைஞ்சா உடைஞ்ச துண்டைக் குடுங்க, போதும்."

போனை வைத்துவிட்டுக் கல்லை மறுபடி கையில் எடுத்தேன்.

ஒரே வழிதான். அடியைத் தட்டையாகத் தேய்த்து, நடுவில் கிண்ணம் மாதிரி குடைந்து, கல்லை மெலிசாக்க வேண்டும். "உடைஞ்சிரும், வேணாம்" என்றார் பாய். வைரம் மாதிரி ஒரு வாக்கில் பிளக்கிற குணம் கார்னெட்டுக்குக் கிடையாது. அந்த ஒரு தைரியத்தில் உட்கார்ந்தேன். சூடேறாமல் தண்ணீர் விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தேன். மாலை வெயிலில் ஜன்னலோரம் பிடித்தபோது மாதுளை முத்துச் சிவப்பு! "யா அல்லா!" என்றார் பாய்.

அன்றிலிருந்து எந்தக் கல் வந்தாலும் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். கை பழகின அளவெல்லாம் அதற்கப்புறம்தான்.

அடிப்பக்கம் திறந்த மோதிரத்தில் கல்லைப் பதித்து வைத்திருந்தேன். இரண்டு பேரும் வந்தார்கள். தங்கம் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்மாம் பொடிக் கல்லுக்கா அத்தனை கூடை சுமந்தேன்?" என்று புருஷனை முறைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, காய்ப்புக் காய்த்த கையை அவரிடம் நீட்டினார். "சரி சரி, போட்டு விடுங்க."