காற்றின் கண்

அக்காவின் கணவரான என் மாமாவுக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் ஒரு சுவரைப் பார்த்த மாத்திரத்தில் ஜன்னல் எங்கே வரவேண்டும் என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அலுமினியச் சட்டம் அறுத்துக் கண்ணாடி பொருத்துகிறார். ஆங்கிலத்தில் அளவுச் சீட்டு எழுத மட்டும் நான் வேண்டும். பிழைக்க வந்த ஊரில் எனக்கு எதைப் பார்த்தாலும் பயம்; அவருக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு.

ஒரு சலவைக் கூடத்தின் மாடியில், அங்கே வேலை செய்யப்போகும் ஆறு பெண்கள் தங்க ஓர் அறை. மூன்று ஜன்னல்களையும் திறக்க முடியாதபடி அடைக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. திறந்தால் துணி காயப்போடுவார்களாம், தெருவுக்கு அசிங்கமாம். அவர் சொன்னபடியே மாமா பொருத்தினார். கடைசிக் கண்ணாடிக்கு ரப்பர் அழுத்தும்போது மாமாவின் முகம் சரியில்லை.

"ஏன் மாப்ளே, விண்டோன்னா என்ன அர்த்தம்? நீதான் ரெண்டு பாஷை படிச்சவனாச்சே."

சொன்னேன். வட ஐரோப்பியக் கடலோடிகளின் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. காற்று, கண் இரண்டையும் ஒட்டிய சொல். அந்தக் காலத்தில் கண்ணாடி ஏது? புகை போக, காற்று வரக் கூரையில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். நம் பழந்தமிழிலும் காலதர் என்று உண்டு. காற்று வரும் வழி.

"அப்ப நான் மாட்டியிருக்கிறது என்ன?"

அதற்குள் முதலாளியே அறை வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கு ஆறு பேர் வர்றாங்க. ஒண்ணுக்காவது கீல் போட்டுடறேன் முதலாளி," என்றார் மாமா.

"சொன்னதைச் செய்யிறவன் ஆயிரம் பேர் இருக்கான்யா. பக்கத்துக் கட்டட வேலையும் உனக்குத்தான்னு நெனச்சேன். வேணாமா?"

மாமாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அக்காவுக்கு யார் பதில் சொல்வது?

"சரிங்க. உள்ள வந்து வேலையப் பார்த்துடுங்க," என்று அவரை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார் மாமா. "மாப்ளே, அந்தக் கடலோடி கதைய ஐயாவுக்குச் சொல்லு. நிதானமா, மொதல்லேருந்து."

மூன்று கண்ணாடியிலும் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே கொதிகலன் ஓடியதில் தரையே சுட்டது. நான் உளறிக் கொட்டினேன். கூரை ஓட்டைக்கு வருவதற்குள் முதலாளியின் காலர் நனைந்துவிட்டது.

"முடிஞ்சுதா?"

"இல்லைங்க, கண்ணாடி வந்த கதை பாக்கி," என்றார் மாமா.

"போதும்யா! ஜன்னலத் திற."

"திறக்காதுங்க. நீங்க சொன்னபடிதானே செஞ்சிருக்கேன்."

முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்க் கழுத்தைத் துடைத்தார்.

"மூணுக்குமே கீலைப் போட்டுத் தொலை."

மறுநாள் அந்த ஆறு பேரும் படியேறி வந்தபோது மாமா கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டடத்துக்கு வேறு ஆள் வந்தான். அக்கா ஒரு வாரம் மாமாவிடம் பேசவில்லை. என்னிடம் பேசினாள். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.