பிறந்த நாடு லெபனான், இனம் ஆர்மீனியன்

வில்லாவுட் என்ற புறநகரில் நான் வேலை செய்த தொழிற்சாலையில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர் ஓர் ஆர்மீனியர். அடர்ந்த நரைப் புருவம். பெய்ரூட்டில் பிறந்ததால் எல்லோரும் அவரை லெபனீஸ் என்பார்கள். ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்து, "ஆர்மீனியன்!" என்று திருத்துவார்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் சும்மா கேட்டேன்: "உலகத்தில நீங்கள் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறியள்?"

அவர் முகம் சிவந்தது. "எத்தனை பேர் இருந்திருக்க வேணும் எண்டு கேள்! என்ர அப்பப்பாவோட கூடப் பிறந்தது ஏழு பேர். 1915இல துருக்கிப் பட்டாளம் எங்கட சனத்தைச் சொந்த ஊரில இருந்து பாலைவனத்துக்குத் துரத்திச் சாக விட்டாங்கள். தப்பினது அவர் மட்டும்தான். மிச்சப் பேரை எந்தக் கணக்கில சேர்ப்பாய்?"

நானும் போரின்போது வன்னியிலிருந்து தப்பி வந்தவன். இறந்த எங்கள் சனத்தின் தொகையை யாராவது குறைத்துச் சொன்னால் சண்டைக்குப் போகிறவன். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றும் என்மேல்தான் எனக்கு ஆத்திரம்.